இருளுக்குள் வைத்த பொன்

விடுதலைப் பயண நூலை வாசிக்கத் தொடங்குவோர் பலர் இருபத்தைந்தாம் அதிகாரத்தில் களைத்துப்போகின்றனர். அதுவரை செங்கடலும் மன்னாவும் சீனாய் மலையின் இடிமுழக்கமுமாக விரைந்தோடிய வரலாறு, அவ்விடத்தில் ஒரு தச்சரின் கணக்கேடு போல் ஆகிவிடுகிறது. எத்தனை முழ நீளம், எத்தனை முழ அகலம், எத்தனை வளையம், எத்தனை கொக்கி! முதலில் கட்டளையாகவும் பின்னர் நிறைவேற்றமாகவும் ஒரே செய்தி இருமுறை வருகிறது. ஏறத்தாழப் பதின்மூன்று அதிகாரங்கள். விரைவாகப் பக்கம் புரட்டுவது வாசகர் வழக்கம். எனக்கோ அந்நூலில் மிகவும் பிடித்த பகுதி இதுவே. காரணம், அங்கே பேசப்படும் பொன்.

ஆலயத்திற்குப் பொன் எதற்கு என்னும் வினா நம் பங்குகளில் இன்றும் எழுகிறது. பீடத்திற்குப் பொன்முலாம் பூச வேண்டுமென்று ஒருவர் எழுந்தால், அந்தப் பணத்தில் எத்தனை பிள்ளைகள் படிக்கலாம் என்று மற்றொருவர் எழுவார். இருவர் கையிலும் விவிலியம் இருக்கும். சாலமோன் கட்டிய கோவிலை முன்னவர் காட்டுவார். பலிகளைக் கடிந்த இறைவாக்கினரைப் பின்னவர் காட்டுவார். இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் பழைய இஸ்ரயேலின் வழிபாட்டில் பொன் எங்கிருந்து வந்தது, எங்கே வைக்கப்பட்டது, போனபின் என்ன ஆயிற்று என்ற மூன்றையும் பார்க்காமல் இந்த வழக்கைப் பேசுவது பொருந்தாது என்றே எண்ணுகிறேன்.

அந்தப் பொன் அடிமைகளின் பொன். எகிப்தை விட்டுப் புறப்பட்ட இரவில், அயலாரிடம் கேட்டுப் பெற்ற வெள்ளி அணிகளையும் பொன் அணிகளையும் மக்கள் எடுத்து வந்தனர் (விப 12:35). தலைமுறை தலைமுறையாகச் செங்கல் அறுத்தும் கூலி காணாதவர்கள், ஒரே இரவில் பெற்ற கூலி என்று அதைக் கொள்ளலாம். பாலைநிலத்தில் அதை வைத்து வாங்குவதற்கு எதுவுமில்லை. காதிலும் கையிலும் அணிந்துகொள்ளத்தான் முடியும். அந்தக் காதணிகளைத்தான் ஆரோன் முதலில் கேட்டார். மனைவியர், புதல்வர், புதல்வியர் காதுகளிலிருந்து கழற்றிய பொன் கன்றுக்குட்டியாயிற்று. மோசே அதை எரித்துப் பொடியாக்கித் தண்ணீரில் தூவி மக்களையே குடிக்கச் செய்தார். மூன்று அதிகாரங்கள் கழித்து, ஆண்டவரின் உறைவிடத்திற்காக அதே மக்கள் மீண்டும் காதணிகளைக் கழற்றுகின்றனர் (விப 35:22). ஒரே காது, ஒரே பொன். பொன் தன்னளவில் புனிதமானதுமன்று, தீட்டானதுமன்று என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

இரண்டு வேலைகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. பொற்கொல்லர் அதை உடனே கண்டுகொள்வார். கன்றுக்குட்டி வார்ப்பு. உருக்கி ஊற்றினால் உருவம் வந்துவிடும். மோசே கேட்டபோது ஆரோன் சொன்ன சாக்குப்போக்கும் அதற்கேற்றதே: பொன்னை நெருப்பில் போட்டாராம், கன்றுக்குட்டி தானாகவே வெளிவந்ததாம்! விவிலியத்தில் சிரிப்பு வரும் இடங்களுள் இதுவும் ஒன்று. உறைவிடத்தின் விளக்குத்தண்டோ அடிப்பு வேலை. ஒரு தாலந்து பசும்பொன், அதாவது ஏறத்தாழ 34 கிலோ. நம் கணக்கில் நாலாயிரம் சவரனுக்கு மேல். அந்த ஒரே கட்டியிலிருந்து தண்டும், ஆறு கிளைகளும், வாதுமைப் பூ வடிவக் கிண்ணங்களும், மொட்டுகளும், இதழ்களும் ஒட்டுப் போடாமல் சுத்தியலால் அடித்தே எடுக்கப்பட வேண்டும். கெருபுகளும் அவ்வாறே. தலைமைக் குருவின் ஏபோதுக்கும் பொன்னைத் தகடாக அடித்து, இழை இழையாக வெட்டி, நீல நூலோடும் கருஞ்சிவப்பு நூலோடும் சேர்த்து நெய்தனர். பெட்சலேலும் ஒகோலியாபும் எத்தனை நாள் தட்டியிருப்பார்கள் என்று நூல் சொல்லவில்லை. சிலை ஒரு பொழுதில் வந்துவிட்டது. விளக்கு அடி அடியாக வந்தது.

மொத்தக் கணக்கையும் நூலே தருகிறது. பொன் 29 தாலந்து 730 செக்கேல் (விப 38:24). இன்றைய எடையில் ஏறத்தாழ 1,000 கிலோ. சவரனில் சொன்னால் ஒன்றேகால் இலட்சம். வெள்ளி அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல், 100 தாலந்து 1,775 செக்கேல். ஆனால் இவ்விரு உலோகங்களும் வந்த வழி வேறு. வெள்ளி கட்டாய வரி. மக்கள்தொகையில் எண்ணப்பட்ட 6,03,550 ஆடவரும் ஆளுக்கு அரைச் செக்கேல் கொடுத்தனர். செல்வர் கூடுதலாகக் கொடுக்கக் கூடாது, ஏழை குறைத்துக் கொடுக்கக் கூடாது என்பது சட்டம். பொன்னுக்கு வரியே இல்லை. உள்ளம் தூண்டியவர் மட்டும் கொடுக்கலாம். கொடுத்தது போதும், இனிக் கொண்டுவர வேண்டாமென்று மோசே பாளையமெங்கும் அறிவிக்க நேர்ந்தது. நிதி வேண்டாமென்று ஆலயக் கட்டடக் குழு அறிவித்த நிகழ்ச்சி அதற்குப் பின் எங்கும் நிகழ்ந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை!

அந்த வெள்ளி எங்கே போயிற்று? நூறு தாலந்து வெள்ளியில் நூறு பாதப்பொருத்துகள் வார்க்கப்பட்டன. உறைவிடத்தின் சட்டங்களும் தூண்களும் அவற்றின்மேல்தான் நின்றன. ஏழையும் செல்வரும் ஒரே அளவாகத் தந்தது அடியில். மனமுவந்து தந்த பொன் அதற்கு மேல். இதை வகுத்தவர் நினைத்தே வகுத்திருக்க வேண்டும்.

அடுத்து, பொன் வைக்கப்பட்ட இடம். முற்றத்தில் நின்ற பலிபீடம் வெண்கலம், நீர்த்தொட்டியும் வெண்கலமே. நுழைவாயிலில் பணிசெய்த பெண்கள் தந்த கண்ணாடிகளைக் கொண்டு அத்தொட்டி செய்யப்பட்டது என்றொரு செய்தியும் உண்டு. அக்காலக் கண்ணாடி என்பது மெருகேற்றிய வெண்கலமே. முற்றத்துத் தூண்களின் கொக்கிகள் வெள்ளி. கூடாரத்தின் உள்ளேதான் பொன் தொடங்குகிறது: திருமுன்னிலை அப்பத்தின் மேசை, தூபபீடம், விளக்குத்தண்டு. உள்விரிப்புகளை இணைத்த கொக்கிகள் பொன். அவற்றின்மேல் போர்த்திய ஆட்டுமயிர்க் கம்பளியை இணைத்தவை வெண்கலம். அதற்கும் மேலே தோல் விரிப்பு. வெளியே நின்ற பொதுமக்கள் தலைநிமிர்ந்து பார்த்தபோது தெரிந்ததெல்லாம் கம்பளியும் தோலுமே. தாங்கள் காதிலிருந்து கழற்றித் தந்த பொன்னை அவர்கள் பிறகு பார்க்கவே இல்லை.

உள்ளே செல்லச் செல்லப் பொன் மிகுதியாகிறது. பார்ப்போர் தொகையோ குறைகிறது. முற்றத்தில் மக்கள், தூயகத்தில் குருக்கள், திருத்தூயகத்தில் ஒருவரும் இல்லை. ஆண்டுக்கு ஒரு நாள், ஒரே ஒருவர். திருத்தூயகத்தில் விளக்கும் இல்லை, பலகணியும் இல்லை. பொன் விளக்குத்தண்டு திரைக்கு வெளியேதான் நின்றது. அந்த முழு இருளுக்குள் உடன்படிக்கைப் பேழை இருந்தது. அதன்மேல் பசும்பொன்னாலான இரக்கத்தின் இருக்கை. பாவக்கழுவாய் நாளில் நுழையும் தலைமைக் குருவும் தூபப் புகை இரக்கத்தின் இருக்கையை மூடும்படி நறுமணப்பொருளை நெருப்பிலிட வேண்டும் (லேவி 16:13). இருளோடு புகையும் சேர்ந்தால் அவர் கண்டதென்ன? நாட்டின் மிகச் சிறந்த பொன், யாரும் பார்க்க முடியாத இடத்தில் வைக்கப்பட்டது. ஒளியில் வைத்தால்தான் பொன் பொன்னாகத் தோன்றும். அதை இருளில் வைக்கச் சொன்னவர் காட்சிக்காகக் கேட்கவில்லை என்பது உறுதி.

பேழையைப் பற்றிய கட்டளையில் ஒரு சொல் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும். சித்திம் மரத்தாலான அந்தப் பெட்டிக்கு வெளியே மட்டுமன்று, உள்ளேயும் பொன்தகடு வேய வேண்டும். மூடிய பெட்டியின் உட்புறத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? யூத ரபிகள் இதிலிருந்தே ஒரு பாடம் எடுத்தனர்: உள்ளும் புறமும் ஒன்றாக இல்லாத அறிஞர் அறிஞரே அல்லர் என்று தால்மூது சொல்கிறது. நம் திருப்பலிக் கிண்ணத்திற்கும் திருச்சபை இதையொத்த ஒழுங்கையே வைத்திருக்கிறது. துருப்பிடிக்கும் உலோகத்தாலோ பொன்னைவிடக் குறைந்த உலோகத்தாலோ கிண்ணம் செய்தால், பொதுவாக அதன் உட்புறம் பொன்முலாம் பூசப்பட்டிருக்க வேண்டும். மக்கள் காண்பது வெளிப்புறம். பொன் கேட்கப்படுவதோ திரு இரத்தம் படும் உட்புறத்திற்கு.

பொன் பொதிந்த பெட்டிக்குள் இருந்தவை கல். இரண்டு கற்பலகைகள், அவற்றில் பத்துக் கட்டளைகள். பெட்டியின் மேலே, இறக்கை விரித்த இரு கெருபுகளுக்கு நடுவே ஒன்றுமில்லை. எகிப்தியர் தங்கள் தெய்வங்களின் உடலே பொன் என்று நம்பினர். ஆகையால் சிலையைப் பொன்னால் செய்தனர். அந்த நாட்டிலிருந்து வந்த மக்கள் பொன்னையெல்லாம் சுற்றிலும் வைத்து, நடுவிடத்தை வெறுமையாக விட்டனர். கடவுள் பேசுவதாகச் சொன்ன இடம் அந்த வெறுமையே.

சாலமோனின் கோவிலுக்கு வரும்போது அளவுகள் மாறிவிடுகின்றன. 20 முழ நீளம், 20 முழ அகலம், 20 முழ உயரமான திருத்தூயகம் முழுவதும் பசும்பொன், தரையிலும் பொன். அவ்வறைக்கு மட்டும் 600 தாலந்து என்று குறிப்பேடு கணக்கிடுகிறது. ஒன்றாயிருந்த விளக்குத்தண்டு பத்தாயிற்று. ஈராமின் மாலுமிகள் ஓபீரிலிருந்து பொன் கொணர்ந்தனர். ஓபீர் எங்கே என்பதில் இன்றளவும் கருத்தொற்றுமை இல்லை. ஆயினும் அது வெறும் கதைப்பெயர் அன்று. தெல் அவீவ் நகரிலுள்ள தெல் கசீலே மேட்டில் கிடைத்த பானையோட்டுச் சில்லொன்றில் ஓபீர்ப் பொன் முப்பது செக்கேல் என்று எபிரேயத்தில் எழுதப்பட்டிருக்கிறது. சாலமோனின் கப்பல்கள் பொன்னோடும் தந்தத்தோடும் கொண்டுவந்தவற்றுள் மயில்களும் உண்டு. அங்கே வரும் எபிரேயச் சொல் நம் ‘தோகை’யிலிருந்து சென்றது என்று கால்டுவெல் எழுதினார். எல்லா அறிஞரும் இதை ஏற்பதில்லை. தமிழர் நமக்கு மட்டும் இதைக் கேட்டால் காது இனிக்கும்.

ஆனால் சாலமோன் பொன்னைப் பற்றி வாசிக்கும்போது, பாலைநிலக் கூடாரத்தைப் பற்றி வாசிக்கும்போது ஏற்படும் மகிழ்ச்சி எனக்கு ஏற்படுவதில்லை. இங்கே காதணி கழற்றிய பெண்களைக் காணோம். கட்டாய வேலைக்கு அனுப்பப்பட்ட முப்பதாயிரம் பேரைக் காண்கிறோம். கோவிலில் வேய்ந்ததுபோக, 200 பெரிய பொற்கேடயங்களும் 300 சிறிய பொற்கேடயங்களும் அரசரின் லெபனோன் வன மாளிகையில் மாட்டப்பட்டன. அவை இருளில் வைக்கப்பட்டவை அல்ல. பார்ப்பவர் வியக்கவே மாட்டப்பட்டவை. அரசர் தமக்கென்று வெள்ளியும் பொன்னும் மிகுதியாகச் சேர்க்கலாகாது என்று இணைச்சட்ட நூல் (17:17) சொல்வதை அந்த அரண்மனையில் யாராவது வாசித்திருப்பார்களா?

சாலமோன் இறந்த ஐந்தாம் ஆண்டிலேயே அந்தக் கேடயங்கள் போய்விட்டன. எகிப்து மன்னன் சீசாக்கு எருசலேமுக்கு வந்து ஆண்டவர் இல்லத்துச் செல்வத்தையும் அரண்மனைச் செல்வத்தையும் வாரிக்கொண்டு சென்றான். கி.மு. 925ஐ ஒட்டிய காலம் அது. அதன்பின் ரெகபெயாம் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. பொற்கேடயங்களுக்குப் பதிலாக வெண்கலக் கேடயங்கள் செய்தான். அவன் ஆண்டவரின் இல்லத்திற்குச் செல்லும்போதெல்லாம் காவலர் அவற்றைத் தூக்கிச் செல்வர்; முடிந்ததும் காவலறையில் பத்திரமாக வைப்பர் (1 அர 14:28). ஊர்வலம் நிற்கவில்லை, உலோகம் மட்டும் மாறிற்று.

அன்றிலிருந்து அரசர்களின் வரலாற்றைக் கோவிலின் பொன் கரைந்த வரலாறு என்றே வாசிக்கலாம். ஆசா எஞ்சியதை எடுத்துச் சிரியாவின் பெனதாதுக்கு அனுப்பினான், யோவாசு அசாவேலுக்கு, ஆகாசு அசீரிய மன்னனுக்கு. இவர்களுள் எசேக்கியா நல்லரசர். ஆண்டவரின் கோவில் கதவுகளுக்குப் பொன் வேய்ந்தவரும் அவரே. கி.மு. 701இல் செனகெரிபு யூதாவின் நகர்களைப் பிடித்து 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கேட்டபோது, தாம் வேய்ந்த பொன்னைத் தாமே உரித்துக் கொடுத்தார். அதே முப்பது தாலந்து பொன்னைச் செனகெரிபும் தன் கல்வெட்டில் பெருமையோடு குறித்திருக்கிறான். வெள்ளியை மட்டும் 800 தாலந்து என்று கூட்டிச் சொல்கிறான். இவ்வளவு தெளிவாக இரு பக்கமும் ஒத்துப்போகும் கணக்கு பழைய ஏற்பாட்டில் அரிது. கதவை உரித்ததற்காக எசேக்கியாவை விவிலியம் ஒரு சொல்லாலும் கடிந்துகொள்ளவில்லை.

எசேக்கியாவின் கதவை நினைக்கும்போதெல்லாம் என் தாயாரின் காது நினைவுக்கு வரும். ஆண்டுதோறும் சூன் மாதத்தில் அவருடைய தோடு அடகுக் கடைக்குப் போகும். எங்கள் பள்ளிக் கட்டணம் அதிலிருந்தே வரும். காது தூர்ந்துவிடாதிருக்க ஈர்க்குச்சியைச் செருகிக்கொள்வார். அந்தக் குச்சியோடுதான் ஞாயிறு திருப்பலிக்கு வருவார். முக்காட்டை இழுத்து அதை மறைத்ததுமில்லை. அறுவடைக்குப் பின் தோடு திரும்பி வரும்; சில ஆண்டுகளில் வராது. அவர் கோவிலுக்குப் பொன்னாக எதையும் கொடுத்ததில்லை. கொடுக்கவில்லையே என்று வருந்தியதையும் நான் கேட்டதில்லை.

நெபுகத்னேசரோடு முதல் கோவிலின் பொன் முடிவுக்கு வந்தது. கி.மு. 597இல் கலங்கள் உடைத்து எடுக்கப்பட்டன. பத்தாண்டுகளுக்குப் பின் கோவிலே எரிந்தது. பேழை என்னவாயிற்று என்று அரசர்கள் நூல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சைரசு கி.மு. 538இல் திருப்பித் தந்த பொன், வெள்ளிக் கலங்கள் 5,400 என்று எஸ்ரா நூல் எண்ணுகிறது. ஆனால் பேழை திரும்பவில்லை. இரண்டாம் கோவிலுக்கு அடித்தளம் இட்டபோது முந்திய கோவிலைக் கண்டிருந்த முதியோர் உரக்க அழுதனர். இளையோர் மகிழ்ந்து ஆர்ப்பரித்தனர். அழுகை எது, ஆர்ப்பரிப்பு எது என்று பிரித்தறிய முடியவில்லையாம். வெள்ளியும் பொன்னும் தமக்கே உரியவை என்று ஆண்டவர் சொல்வதாக கி.மு. 520இல் ஆகாய் அவர்களைத் தேற்றினார். தம்முடையதைத் தமக்குக் கொடுக்க இயலவில்லையே என்று ஏன் அழ வேண்டும் என்பதே அதன் பொருளாக எனக்குப் படுகிறது.

பிறகு வந்தவன் அந்தியோக்கு எப்பிபான். கி.மு. 169இல் பொற்பீடத்தையும் விளக்குத்தண்டையும் முகப்பிலிருந்த பொன் அணிகளையும் உரித்துச் சென்றான் (1 மக் 1:21-22). ஐந்தாண்டுகள் கழித்து யூதா மக்கபே கோவிலைத் தூய்மைப்படுத்தியபோது புதிய விளக்குத்தண்டு கொண்டுவந்து வைத்தார்கள். எந்த உலோகம் என்று மக்கபேயர் நூல் சொல்லவில்லை. யூதரின் மரபுச் செய்தியைத் தால்மூது தருகிறது: கையில் பொன் இல்லாததால் இரும்புச் சலாகைகளை எடுத்து வெள்ளீயம் பூசி விளக்கு செய்தார்கள், சற்று வசதி வந்ததும் வெள்ளியால் செய்தார்கள், மேலும் வசதி வந்ததும் பொன்னால் செய்தார்கள். பசும்பொன் என்று மோசேக்குக் கட்டளையிடப்பட்டது அவர்களுக்குத் தெரியாததன்று. இருந்தும் பொன் சேரும்வரை விளக்கை ஏற்றாமல் காத்திருக்கவில்லை.

கி.மு. 63இல் உரோமைத் தளபதி பொம்பே திருத்தூயகத்துக்குள்ளேயே நுழைந்தான். உள்ளே தெய்வ உருவம் ஏதுமில்லை, வெற்றிடமே இருந்தது என்று தாசித்து எழுதினார். தூயகத்தில் பொன்மேசையையும் விளக்குத்தண்டையும் கருவூலத்தில் இரண்டாயிரம் தாலந்தையும் கண்டும் அவன் எதையும் தொடவில்லை என்கிறார் யூத வரலாற்றாசிரியர் யோசேப்புஸ். ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த கிராசு அந்தக் குறையைத் தீர்த்துவைத்தான், கிடைத்ததையெல்லாம் அள்ளிக்கொண்டான். ஏரோது மீண்டும் பொன் வேய்ந்தான். நம் ஆண்டவர் நின்றது அந்தக் கோவிலில்தான். கோவிலின் பொன்மீது ஆணையிட்டால் கடன் உண்டு, கோவில்மீது ஆணையிட்டால் கடன் இல்லை என்று கணக்குப் பேசியவர்களிடம், பொன் பெரிதா, பொன்னைப் புனிதமாக்கும் கோவில் பெரிதா என்று அவர் கேட்டார். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே அமர்ந்து அவர் கவனித்துப் பார்த்ததாக நற்செய்தி குறிப்பது செப்புக்காசு இரண்டை.

கி.பி. 70இல் தீத்துவின் படை அக்கோவிலை எரித்தது. கொள்ளைப்பொருள் அவ்வளவு மிகுதியாக இருந்ததால் சிரியா நாட்டில் பொன் விலை பாதியாகக் குறைந்தது என்று யோசேப்புஸ் எழுதுகிறார். விளக்குத்தண்டையும் மேசையையும் உரோமைப் படைவீரர் தோளில் சுமந்து செல்லும் காட்சி, உரோமையில் தீத்து வளைவின் உட்சுவரில் இன்றும் இருக்கிறது. இருளில் வைக்கப்பட்ட பொன்னை உலகம் வெளிச்சத்தில் கண்டது அந்த ஊர்வலத்தில்தான்.

இவ்வளவு பொன்னுக்கு நடுவே, பொன் விலக்கப்பட்ட ஒரு சடங்கு உண்டு. ஆண்டு முழுவதும் தலைமைக் குரு அணிந்தவை பொன் இழைத்த ஏபோது, நெற்றியில் பொற்பட்டம், அங்கி ஓரத்தில் பொன்மணிகள். பாவக்கழுவாய் நாளில் திருத்தூயகத்தினுள் நுழையும் வேளையில் மட்டும் அவை எதுவும் அவர்மேல் இருக்கக்கூடாது. சட்டம் காரணம் சொல்லவில்லை. ரபிகள் சொன்னார்கள்: குற்றம் சாட்டியவன் அதே வழக்கில் பரிந்துபேச வர முடியாது, பொன் என்றால் கன்றுக்குட்டி நினைவுக்கு வரும். ஆகவே தலைமைக் குரு உடலைத் தண்ணீரில் கழுவி, வெறும் நார்ப்பட்டு ஆடை உடுத்தி, தூபகலசத்தோடு திரைக்குள் செல்வார். பலியின் இரத்தத்தை இரக்கத்தின் இருக்கைமீது விரலால் தெளிப்பார். வெளியே வந்து, அந்த ஆடையைக் களைந்து, அங்கேயே விட்டுவிடுவார்.